கார் உட்கூட்டில் இரைச்சல் நீக்கம்: காது உண்டு என்கிறது, கைபேசி இல்லை என்கிறது

பாலைவழிப் பயணி எழுதியது:

அனைவருக்கும் வணக்கம். நான் ஷார்ஜாவில் குடியிருந்துகொண்டு அபுதாபியில் வேலை பார்ப்பவன். போக வர நாளொன்றுக்கு ஏறத்தாழ 300 கிலோமீட்டர் ஓட்டுவதால், வண்டிக்குள் கேட்கும் இரைச்சலை ஓர் ஆடம்பரக் கவலை என்று என்னால் ஒதுக்க முடியவில்லை. மாலையில் வீடு திரும்பும்போது தலை கனக்கிறதா இல்லையா என்பதே அதைப் பொறுத்துத்தான் இருக்கிறது. இரண்டு மாதங்களுக்கு முன் நான்கு சிலிண்டர் பெட்ரோல் வண்டி ஒன்றை வாங்கினேன். பெயரைச் சொல்லாமல் விடுகிறேன். சொன்னால் எந்த நிறுவனம் உயர்ந்தது என்ற வழக்கில் இந்த இழை முடிந்துவிடும். அதன் விலை கூடிய வகையில் மட்டும் ‘ஆக்டிவ் நாய்ஸ் கேன்சலேஷன்’ உண்டு என்றார்கள், அதையே எடுத்தேன்.

என் அலுவலக நண்பர் அதே வண்டியின் விலை குறைந்த வகையை வைத்திருக்கிறார். சென்ற ஞாயிறு காலை, போக்குவரத்து குறைவாக இருந்த நேரத்தில், இருவரும் ஒரே சாலைப் பகுதியில், ஒரே வேகத்தில், ஏசி விசிறியை ஒரே அளவில் வைத்து, பாட்டை நிறுத்திவிட்டு, கைபேசியில் ஒலியளவு காட்டும் செயலியைத் திறந்து வைத்து ஓட்டிப் பார்த்தோம். அவர் வண்டியில் 66 டெசிபல். என் வண்டியிலும் 66 டெசிபல். “எழுத்து ஒட்டியதற்குக் காசு கொடுத்திருக்கிறாய்” என்று அவர் சிரித்தார்.

ஆனால், எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்றை ஒட்டி ஓடும்போது, ஆக்சிலரேட்டரை மெல்ல அழுத்தினால், அவர் வண்டியில் பிடரிக்குப் பின்னாலிருந்து ‘ஊம்ம்’ என்று ஒரு முனகல் எழுகிறது. என் வண்டியில் அது இல்லை. காது ஒன்று சொல்கிறது, கருவி ஒன்று சொல்கிறது, எதை நம்புவது?

இதனோடு வேறு சில ஐயங்களும் உண்டு. ஹெட்போன் காதை மூடிக்கொண்டிருப்பதால் அதற்குள் எதிரொலியை, அதாவது இரைச்சலுக்கு நேர் எதிரான ஒலியை, அனுப்பி இரைச்சலை அழிப்பது எனக்குப் புரிகிறது. நான்கு பேர் அமர்ந்து, தலையை இப்படியும் அப்படியும் திருப்பிக்கொண்டிருக்கும் ஒரு திறந்த அறையில், கதவில் இருக்கும் ஸ்பீக்கர் எப்படிச் சரியான நேரத்தில் சரியான இடத்தில் ஒலியை அழிக்கும்? அப்படி அழிக்குமென்றால், பாட்டையும், பின்னிருக்கையில் குழந்தை கூப்பிடுவதையும், பின்னால் வரும் ஆம்புலன்ஸின் சைரனையும் அது ஏன் அழிப்பதில்லை?

தாழொலி எழுதியது:

வணக்கம் நண்பரே. வாகனங்களின் இரைச்சலையும் அதிர்வையும் அளப்பதே பல ஆண்டுகளாக என் பிழைப்பு என்பதால் சற்று நீளமாகவே எழுதுகிறேன், பொறுத்துக்கொள்ளுங்கள். உங்கள் காது சரி. உங்கள் கைபேசியும் பொய் சொல்லவில்லை. நீங்கள் கேட்காத வேறொரு கேள்விக்கு அது பதில் சொல்லியிருக்கிறது.

முதலில் அந்த ‘ஊம்ம்’ எங்கிருந்து வருகிறது என்பதைப் பார்ப்போம். நான்கு சிலிண்டர் எஞ்சினில், அதன் சுழல்தண்டான கிராங்க் ஷாஃப்ட் ஒரு முறை சுற்றும்போது இரண்டு சிலிண்டர்களில் எரிபொருள் வெடிக்கிறது. நிமிடத்துக்கு 2,000 சுற்று என்றால் நொடிக்கு 33 சுற்றுக்குச் சற்று மேல். ஆக நொடிக்கு ஏறத்தாழ 67 வெடிப்புகள். அந்த 67 ஹெர்ட்ஸ் அதிர்வு எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்கள் வழியாகவும் புகைபோக்கிக் குழாய் வழியாகவும் உடற்கூட்டின் தகடுகளுக்கு வந்து சேர்கிறது. மறுபக்கம், முன் கண்ணாடியிலிருந்து பின் கண்ணாடி வரை இரண்டேகால் மீட்டர் நீளமுள்ள உட்கூட்டுக் காற்றுக்கென்று ஓர் இயல்பான ஒத்ததிர்வு 75 ஹெர்ட்ஸை ஒட்டி இருக்கும். இந்த இரண்டும் நெருங்கும்போது வண்டி ஒரு பெரிய குடம் போல முழங்குகிறது. உட்கூட்டின் இரு முனைகளில்தான் அழுத்தம் மிகுதி, நடுவில் குறைவு. ஆகவேதான் பின்னிருக்கையில் இருப்பவர்கள் இந்த முனகலை உங்களைவிட அதிகமாக உணர்வார்கள்.

இந்த ஒலியை அழிக்க முடிவதற்குக் காரணம், அது முன்கூட்டியே தெரிந்த ஒலி என்பதுதான். கிராங்க் ஷாஃப்டின் சுழற்சியை எஞ்சின் கணினி எப்படியும் அளந்துகொண்டிருக்கிறது. அந்தச் சமிக்ஞையை வாங்கினாலே அடுத்த வெடிப்பு எப்போது, அதன் அதிர்வெண் என்ன என்பவை கையில் கிடைத்துவிடும். ஊஞ்சலை நினைத்துக்கொள்ளுங்கள். ஒருவர் தாளம் தவறாமல் ஆட்டிவிடும் ஊஞ்சலை, எதிர்ப்பக்கம் நின்று அதே வலிமையோடு, அதே தாளத்தில், நேர் எதிர்த் திசையில் நீங்கள் தள்ளினால் அது நின்றுவிடும். ஸ்பீக்கர் செய்வது அதுதான். உட்கூரையில் பதிந்திருக்கும் மைக்குகள், நீக்கிய பிறகு மீந்திருக்கும் ஒலியைக் கேட்டு, “இன்னும் கொஞ்சம் வலுவாக, இன்னும் கொஞ்சம் முந்தி” என்று நொடிக்குப் பல நூறு முறை திருத்தம் சொல்லிக்கொண்டே இருக்கின்றன. எதிர்ப்பக்கம் நிற்பவர் நேரம் தவறினால் ஊஞ்சல் நிற்பதற்குப் பதிலாக உயரப் போகும் என்பதையும் நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

தவறலாம் என்றால் எவ்வளவு தவறலாம்? இரைச்சலை 10 டெசிபல் குறைக்க வேண்டுமானால், வீச்சு, அதாவது வலிமை, முழுவதும் பொருந்தியிருந்தாலும், எதிரொலியின் கட்டம், அதாவது அலை ஏறி இறங்கும் நேரம், ஒரு முழு அலையில் ஏறத்தாழ இருபதில் ஒரு பங்குக்குமேல் பிசகக்கூடாது. ஆறில் ஒரு பங்கு பிசகினால் பயன் சுழி. அதற்கும் மேல் பிசகினால் இரைச்சல் கூடும். ஒலி காற்றில் நொடிக்கு 343 மீட்டர் செல்வதால் 67 ஹெர்ட்ஸின் அலைநீளம் 5 மீட்டருக்கும் சற்று அதிகம்; அதில் இருபதில் ஒரு பங்கு, ஒரு சாணுக்கும் கூடுதல். ஆகவே நீங்கள் தலையைத் திருப்பினாலும், முன்னே சாய்ந்து கண்ணாடியைத் துடைத்தாலும், நீக்கம் கெடுவதில்லை. இதையே 1,000 ஹெர்ட்ஸுக்குக் கணக்கிட்டால் அலைநீளம் 34 சென்டிமீட்டர், பிசகலாம் என்ற எல்லை ஒரு விரற்கடை. திறந்த உட்கூட்டில், நான்கு தலைகள், எட்டுக் காதுகள், ஒவ்வொன்றுக்கும் விரற்கடைத் துல்லியம் என்பது நடக்காத காரியம். ஹெட்போனில் ஸ்பீக்கரும் மைக்கும் காதுத் துளைக்கு அருகிலேயே இருப்பதால் அது கூடுதலான அதிர்வெண்களைத் தொட முடிகிறது. வண்டியில் உள்ள அமைப்பு தாழொலியோடு நின்றுகொள்கிறது. காற்று கண்ணாடியை உரசும் ‘ஸ்ஸ்’ ஒலியை அது தொடுவதே இல்லை. அது கனத்த கண்ணாடிக்கும் கதவு ரப்பருக்கும் உரிய வேலை.

சைரனும் குழந்தையின் குரலும் தப்பிப்பதற்கு ஒரு காரணம் இதுவே. அவை பெரும்பாலும் நூற்றுக்கணக்கான ஹெர்ட்ஸுக்கு மேலே இருப்பவை. இன்னொரு காரணம் நுட்பமானது. இந்த அமைப்பு மைக்கில் விழும் எல்லாவற்றையும் அழிக்க முயல்வதில்லை; கிராங்க் ஷாஃப்டிலிருந்து வரும் சமிக்ஞையோடு தொடர்புடைய பகுதியை மட்டுமே பிரித்தெடுத்து அழிக்கிறது. குழந்தையின் குரலுக்கும் எஞ்சின் சுற்றுக்கும் எந்தத் தொடர்பும் இல்லாததால் அது கணக்கிலேயே வராது. பாட்டைப் பொறுத்தவரை, ஸ்பீக்கருக்கு என்ன அனுப்புகிறோம் என்பது அமைப்புக்கே தெரியும் என்பதால், அதை மைக் சமிக்ஞையிலிருந்து கழித்துவிடவும் வழியிருக்கிறது.

இனி உங்கள் 66 டெசிபல். பெரும்பாலான செயலிகள் டிபி-ஏ என்ற அளவில் காட்டும். நம் காது தாழொலியை மந்தமாகக் கேட்கிறது என்ற அடிப்படையில், அந்த அளவீடு 63 ஹெர்ட்ஸில் 26 டெசிபலைக் கழித்துவிடுகிறது. உதாரணத்துக்கு, நண்பரின் வண்டியில் முனகல் 80 டெசிபல் என்று வைத்துக்கொள்ளுங்கள். செயலி அதை 54 ஆகத்தான் எடுத்துக்கொள்ளும். காற்று, டயர், ஏசி எல்லாம் சேர்ந்து 66 என்றால், இரண்டையும் கூட்டினால் 66.3. உங்கள் வண்டியில் அதே முனகல் 10 டெசிபல் குறைந்துவிட்டது; இப்போது கூட்டினால் 66.0. திரையில் இரண்டுமே 66 தான். இதற்கு மேல், கைபேசி பேச்சுக்காகச் செய்யப்பட்டது; அதன் ஒலிவாங்கி தாழொலியைத் தானாகவே வெட்டிவிடுவதும் உண்டு. செயலியில், தாழொலியை அவ்வளவாகக் கழிக்காத டிபி-சி என்ற தெரிவு இருந்தால் அதற்கு மாற்றி, வேகத்தைப் பார்க்காமல் எஞ்சின் சுற்றைப் பார்த்து, 1,500இலிருந்து 2,500 வரை மெல்ல ஏற்றி அளந்து பாருங்கள். நண்பரின் டயர்கள் உங்களுடையவைதானா என்பதையும் பார்த்துக்கொள்ளுங்கள். டயர் மாறினால் ஒப்பீடே மாறிவிடும்.

கிள்ளான் பட்டறை எழுதியது:

தாழொலி ஐயா ஊஞ்சலைச் சொல்லி, நேரம் தவறினால் அது உயரப் போகும் என்று எழுதியிருக்கிறாரே, அதை நான் என் பட்டறையில் நேரில் பார்த்திருக்கிறேன். மலேசியாவில் கிள்ளான் பக்கம் கார் ஆடியோ வேலை செய்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வாடிக்கையாளர், வேறொரு கடையில் ஆம்ப்ளிஃபயரையும் பின்பக்க வூஃபரையும் மாற்றிக்கொண்டு, அதன் பிறகு வண்டி உறுமுகிறது என்று கொண்டுவந்தார். பாட்டு ஓடவில்லை, ஒலியளவு சுழியில் இருக்கிறது, ஆனாலும் கியரில் போட்டு சிக்னலில் நிற்கும்போது பின்னால் ஒரு லாரி வந்து நிற்பது போல உட்கூடு முழுவதும் அதிர்கிறது. கண்ணாடியை இறக்கினால் உறுமல் மாறுகிறது, ஏற்றினால் திரும்புகிறது.

எர்த் கோளாறு என்று நினைத்து ஒரு நாள் முழுவதும் வயரை இழுத்து இழுத்துப் பார்த்தேன். எஞ்சின் மவுண்ட் போய்விட்டதோ என்று பக்கத்துக் கடைக்காரரிடம் காட்டினேன். அவர் கையை விரித்துவிட்டார். கடைசியில், பழக்கத்தில் இருக்கும் சின்னச் சோதனை ஒன்றைச் செய்தேன். வூஃபரின் வயரைக் கழற்றி, 1.5 வோல்ட் பேட்டரி ஒன்றின் இரு முனைகளையும் அதில் ஒரு கணம் தொட்டுப் பார்த்தேன். நேர்முனை சரியாக இருந்தால் கூம்பு வெளியே துள்ள வேண்டும்; இது உள்ளே இழுத்துக்கொண்டது. நேர்முனையும் எதிர்முனையும் மாற்றி இணைக்கப்பட்டிருந்தன. பாட்டுக் கேட்பவருக்கு இது பெரிதாகத் தெரியாது, பாஸ் கொஞ்சம் மெலிந்தாற்போல இருக்கும், அவ்வளவுதான். ஆனால் இரைச்சல் நீக்கும் பெட்டிக்கு அது தலைகீழ் உலகம்: தள்ளு என்று அது சொல்ல, ஸ்பீக்கர் இழுக்கிறது, இரைச்சல் குறையவில்லையே என்று அது இன்னும் வலுவாகத் தள்ளச் சொல்ல, இன்னும் வலுவாக இழுக்கிறது. அப்படியே போய்த் தன் உச்ச வரம்பில் முட்டிக்கொண்டு உறுமியிருக்கிறது.

வயரை மாற்றிப் போட்டதும் உறுமல் போயிற்று; முனகல் மட்டும் பாதிக்குப் பாதி மீந்தது. புதிய ஆம்ப்ளிஃபயருக்குள் இருந்த டிஎஸ்பி என்ற ஒலி பதப்படுத்தும் சில்லு, ஒலியைச் சில மில்லிநொடிகள் தாமதப்படுத்தியதுதான் அதற்குக் காரணம் என்று பிறகு புரிந்தது. வாடிக்கையாளருக்கு அந்த ஆம்ப்ளிஃபயர் மேல் அப்படி ஓர் ஆசை. ஆகவே அவர் சம்மதத்தோடு இரைச்சல் நீக்கும் பெட்டியின் இணைப்பையே கழற்றிவிட்டேன். மனமில்லாமல்தான் செய்தேன். இந்த வசதி உள்ள வண்டிகளில் ஸ்பீக்கரை மாற்ற வருபவர்களிடம் இப்போதெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுகிறேன்: இந்த ஸ்பீக்கர் பாட்டுக்கு மட்டும் உரியதன்று.

பாலைவழிப் பயணி எழுதியது:

இருவருக்கும் மிக்க நன்றி. அரைகுறையாகத் தெரிந்ததற்கும் புரிந்ததற்கும் உள்ள தூரம் இப்போதுதான் தெரிகிறது. டிபி-சி தெரிவு என் செயலியில் இருக்கிறது. அடுத்த ஞாயிறு மீண்டும் அளக்கிறோம்.

இதை வீட்டில் விளக்கிக்கொண்டிருந்தபோது பதினொன்றாம் வகுப்பில் படிக்கும் என் மகள் ஒரு கேள்வி கேட்டு வாயை அடைத்துவிட்டாள். ஆற்றலை அழிக்க முடியாது என்று பாடத்தில் இருக்கிறது. ஒலியும் ஆற்றல், எதிரொலியும் ஆற்றல். இரண்டும் சேர்ந்து அமைதி என்றால் அந்த இரண்டு ஆற்றலும் எங்கே போயின என்கிறாள். மற்றொன்று, எங்கள் குடியிருப்பில் ஒருவர் மின்சார வண்டி வைத்திருக்கிறார். அதில் எஞ்சினே இல்லை, ஆனாலும் இரைச்சல் நீக்கம் இருக்கிறது என்கிறார். வெடிப்பே இல்லாத வண்டியில் எந்தத் தாளத்தை வைத்து அது வேலை செய்கிறது?

கரும்பலகை எழுதியது:

முதல் கேள்வியை எனக்கு விட்டுவிடுங்கள். இருபது ஆண்டுகளுக்கு மேல் இயற்பியல் நடத்தியவன் என்ற உரிமையில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் மகளின் கேள்வி நல்ல கேள்வி, அதற்கு “அலைகள் ஒன்றையொன்று அழித்துக்கொள்கின்றன” என்று மட்டும் பதில் சொல்லும் ஆசிரியர் கேள்வியைத் தட்டிக்கழிக்கிறார் என்றுதான் பொருள்.

இரண்டு அலைகள் ஓரிடத்தில் ஒன்றையொன்று குறைத்தால், பொதுவாக வேறோரிடத்தில் ஒன்றையொன்று கூட்டியிருக்கும். ஆற்றல் இடம் மாறுகிறது, மறைவதில்லை. ஆனால் உட்கூடு போன்ற சிறிய அறையில், அலைநீளம் அறையைவிடப் பெரிதாக இருக்கும்போது, இன்னொன்றும் நடக்கிறது. காற்றைத் தள்ளினால்தான் தகடு ஒலியை உமிழ முடியும். தள்ளும்போது காற்று எதிர்த்து நிற்க வேண்டும். தகடு வெளியே வரும் அதே கணத்தில் ஸ்பீக்கரின் கூம்பு உள்ளே போனால், அழுத்தம் எழுவதற்கு இடமே இல்லாமல் போகிறது. எதிர்ப்பு இல்லாத காற்றைத் தள்ளுவதில் தகடு செலவழிக்கும் ஆற்றலும் குறைந்துவிடுகிறது. அதாவது, பிறந்த ஒலி கொல்லப்படுவதைவிட, ஒலி பிறப்பதே பெருமளவு தடுக்கப்படுகிறது. அதிர்வாற்றல் தகட்டிலேயே தங்கி, அதன் மேல் ஒட்டிய தார்ப்பட்டையிலும் ரப்பரிலும் வெப்பமாகக் கரைகிறது. அளவையும் சொல்லிவிடுகிறேன்: 80 டெசிபல் ஒலியின் செறிவு சதுர மீட்டருக்கு 0.0001 வாட். காதுக்குப் பெரும் தொல்லையாக இருக்கும் இந்த முனகலை ஆற்றலாகப் பார்த்தால் ஓர் இண்டிகேட்டர் விளக்குக்குக்கூடப் போதாது.

இந்த எண்ணம் புதியதும் அன்று. பால் லூயெக் என்ற ஜெர்மானியர் 1933இல் காப்புரிமைக்கு விண்ணப்பித்து, 1936இல் அமெரிக்கக் காப்புரிமையையும் பெற்றார். குழாய்க்குள் வரும் ஒலியை ஒரு மைக் முன்கூட்டியே கேட்டு, சற்றுத் தள்ளியிருக்கும் ஒலிபெருக்கி அதைத் தலைகீழாக ஒலித்து அழிப்பதை அதில் படமாகவே வரைந்திருக்கிறார். மின்னணு வால்வுகளின் காலத்தில் அந்தப் படத்தைக் கருவியாக்க முடியவில்லை. சூழலுக்கு ஏற்பத் தன்னைத் தானே திருத்திக்கொள்ளும் கணக்குமுறை ஒன்றை 1960இல் ஸ்டான்ஃபோர்டில் பெர்னார்டு விட்ரோவும் டெட் ஹாஃபும் வகுத்தார்கள்; இன்றைய அமைப்புகள் பலவும் அதன் வழித்தோன்றல்கள்தான். இதில் எனக்குப் பிடித்த ஒரு செய்தி: அதே டெட் ஹாஃப் பின்னர் இன்டெலில் சேர்ந்து, 1971இல் வெளிவந்த 4004 மைக்ரோபிராசசரை வடிவமைத்தவர்களுள் ஒருவரானார். கணக்குமுறைக்கும் அதை ஓட்டவல்ல சில்லுக்கும் ஒரே மனிதர் கைகொடுத்திருக்கிறார்.

வண்டிகளுக்கு இது 1990களின் தொடக்கத்தில் ஜப்பானில் நிசான் புளூபேர்டில் வந்தது. ஆனால் இது பரவியதற்கு உண்மையான காரணம் சொகுசு அன்று, பெட்ரோல் சிக்கனம் என்பது என் கணிப்பு. 2003இல் வந்த ஹோண்டா இன்ஸ்பயர் வண்டியைப் பாருங்கள். அதன் ஆறு சிலிண்டர் எஞ்சின், சுமை குறைவாக இருக்கும்போது மூன்று சிலிண்டர்களை நிறுத்திவிடும். அப்படி நிறுத்தினால் 2,000 சுற்றில் நொடிக்கு 100 ஆக இருந்த வெடிப்பு 50 ஆகக் குறைந்து, சாந்தமான எஞ்சின் திடீரென்று முழங்கத் தொடங்கும். தகட்டையும் பஞ்சையும் கூட்டி அந்த முழக்கத்தைத் தடுக்கலாம் என்றால், சுவரின் எடையை இருமடங்காக்கினாலும் கிடைப்பது 6 டெசிபல்தான். எடையைக் கூட்டினால் மிச்சம் பிடித்த பெட்ரோலும் போய்விடும். ஆகவே எஞ்சினைத் தாங்கும் மவுண்ட்களை அதிர்வுக்கு எதிராக அசையச் செய்து, மிச்சத்தை ஸ்பீக்கரிடம் ஒப்படைத்தார்கள்.

தாழொலி எழுதியது:

கரும்பலகை ஐயாவின் விளக்கத்துக்கு நன்றி. தகட்டைப் பற்றி அவர் எழுதிய பத்தியை நான் இவ்வளவு எளிமையாக எழுதியிருக்க மாட்டேன். கிள்ளான் நண்பர் கண்ட உறுமலுக்கு எங்கள் தொழிலில் ஒரு கணக்கு உண்டு. ஸ்பீக்கரிலிருந்து மைக் வரை ஒலி எப்படிப் போகும் என்ற ஒரு வரைபடத்தைத் தொழிற்சாலையிலேயே பெட்டிக்குள் பதித்துவிடுவார்கள். உண்மைப் பாதையும் அந்த வரைபடமும் கட்டத்தில் 90 பாகைக்கு மேல் விலகினால், திருத்தம் தவறான திசையில் போகத் தொடங்கும். முனைகளை மாற்றி இணைத்தால் விலகல் 180 பாகை. டிஎஸ்பி 4 மில்லிநொடி தாமதித்தாலே 67 ஹெர்ட்ஸில் 90 பாகையைத் தாண்டிவிடும். அவர் பெட்டியைக் கழற்றியதில் தவறில்லை.

மின்சார வண்டியைப் பற்றிய கேள்விக்கு வருகிறேன். எஞ்சினின் தாளம் அங்கே இல்லை. மிஞ்சுவது சாலை இரைச்சல், அது தாளமற்றது. அடுத்து எந்தக் கல்லின் மேல் டயர் ஏறும் என்பதை யாராலும் கணிக்க முடியாது. ஆகவே கணிப்பதை விட்டுவிட்டு, வேவு பார்க்கிறார்கள். சக்கரங்களைத் தாங்கும் சஸ்பென்ஷன் பகுதிகளிலும் அவை உடற்கூட்டோடு சேரும் இடங்களிலும் அதிர்வை உணரும் முடுக்கமானிகளைப் பொருத்திவிட்டால், டயரில் எழுந்த அதிர்வு தகடுகளைக் கடந்து ஒலியாகி உங்கள் காதை அடைவதற்குள் அதைப் பற்றிய செய்தி மின்கம்பியில் முந்திக்கொண்டு கணினிக்கு வந்துவிடும். எவ்வளவு முந்தி என்பதில்தான் எல்லாம் இருக்கிறது. ஹ்யுண்டாய் நிறுவனம் 2019 நவம்பரில் அறிவித்து, பிறகு ஜெனிசிஸ் ஜிவி80 வண்டியில் பொருத்திய அமைப்பைப் பற்றி அவர்களே கொடுத்த கணக்கு இது: சாலை இரைச்சல் உட்கூட்டை அடைய ஏறத்தாழ 0.009 நொடி, அலசி எதிரொலியை உண்டாக்க 0.002 நொடி. மீதமுள்ள 0.007 நொடிக்குள் ஸ்பீக்கரின் ஒலி காதுக்குப் போய்ச் சேர வேண்டும். ஒரு மீட்டர் கடக்க 0.003 நொடி என்பதால் அது முடிகிறது.

அவர்கள் சொன்ன குறைப்பு 3 டெசிபல் அளவு; அதைப் பாதி இரைச்சல் என்றும் விளம்பரப்படுத்தினார்கள். ஒலியாற்றல் பாதி என்பது சரி. ஆனால் காதுக்குப் பாதியாகத் தோன்ற ஏறத்தாழ 10 டெசிபல் குறைய வேண்டும். 3 டெசிபல் என்பது “கொஞ்சம் அடங்கியிருக்கிறது” என்று சொல்லும் அளவு. தாளமற்ற இரைச்சலில் 3 டெசிபல் எடுப்பதே எவ்வளவு பாடு என்பது எங்களுக்குத் தெரியும் என்பதால் நான் அதைக் குறைத்துச் சொல்லமாட்டேன். விளம்பரத்தின் ‘பாதி’யை மட்டும் ஒப்புக்கொள்ளமாட்டேன்.

அந்த மின்சார வண்டியில் கூர்ந்து கேட்கத்தக்க ஒலி ஒன்று உண்டு. டயருக்குள் அடைபட்ட காற்று ஒரு வளையம். 16 அங்குல ரிம் கொண்ட சாதாரண டயரில் அதன் சுற்றளவு 1.6 மீட்டரை ஒட்டி இருப்பதால், 210 ஹெர்ட்ஸ் பக்கத்தில் அது மணி போல ஒலிக்கும். பாலங்களின் இணைப்பில் ஏறும்போது ‘டொம்’முக்குப் பின்னால் ஒரு ‘டொய்ங்’ கேட்கிறதே, அதுதான் இது. எஞ்சின் இல்லாத வண்டியில் இதை மறைக்க வேறு ஒலி இல்லை. ஆகவே சில டயர்களுக்குள்ளேயே நுரைப்பஞ்சை ஒட்டிவிடுகிறார்கள். மின்மோட்டாரின் கீச்சொலி இன்னொரு கதை. பல மோட்டார்களில் அது ஒரு சுற்றுக்கு 48 அதிர்வு. நிமிடத்துக்கு 6,000 சுற்று என்றால் 4,800 ஹெர்ட்ஸ். அலைநீளம் ஏழு சென்டிமீட்டர். அதை ஸ்பீக்கரால் அழிக்க முயல்வது வீண். மோட்டாரைப் போர்த்திவிடுவதே வழி.

பாலைவழிப் பயணி எழுதியது:

ஞாயிறு அளந்துவிட்டோம். டிபி-சி தெரிவில், வேகத்தை விட்டுவிட்டு எஞ்சின் சுற்றைப் பார்த்து மெல்ல ஏற்றினோம். நண்பரின் வண்டியில் 1,900ஐத் தாண்டியதும் எண் மளமளவென்று ஏறி, 2,300க்குப் பிறகு தணிந்தது. என் வண்டியில் அந்த மேடே இல்லை. நண்பர் இப்போது சிரிப்பதில்லை, ஆனால் “ஒரு முனகலுக்கு இவ்வளவு காசா” என்று வாதத்தை மாற்றிக்கொண்டார். டயர்களும் வேறு வேறு என்பதைப் பார்த்தோம். அவர் சென்ற ஆண்டு மாற்றியிருக்கிறார்.

ஒரே ஒரு குறை. மகளைப் பின்னிருக்கையில் அமர்த்தி அளக்கச் சொன்னபோது, முன்னால் காணாத மேடு பின்னால் சிறிதாகத் தெரிந்தது. உட்கூரையில் மைக்குகளைத் தேடினோம். முன்னால் விளக்கை ஒட்டி இரண்டு, பின்னால் ஒன்று, சுண்டுவிரல் நக அளவில் கறுப்பு வலைகள். பின்னால் இருந்த வலையின் மேல், சின்னவன் எப்போதோ ஒட்டிய பொன்னிற நட்சத்திரம் ஒன்று சிரித்துக்கொண்டிருந்தது. இதுதான் காரணமா?

தாழொலி எழுதியது:

குற்றத்தை அவன் தலையில் போட ஆசைதான். ஆனால் 67 ஹெர்ட்ஸுக்கு ஒரு தாள் பெரிய தடையன்று, வலையைக் காற்றுப்புகாமல் முழுவதும் அடைத்திருந்தாலொழிய. பின்னிருக்கை உட்கூட்டின் முனையில் இருக்கிறது, அங்கே முழக்கம் இயல்பாகவே மிகுதி என்பதைத்தான் நான் முதலில் சந்தேகிப்பேன். ஆயினும் நட்சத்திரத்தை உரித்துவிட்டு ஒரு முறை அளந்து பாருங்கள். உரிக்கும்போது நகத்தால் சுரண்ட வேண்டாம். ஹேர் டிரையரால் இலேசாகச் சூடு காட்டினால் பசை வலைக்குள் இறங்காமல் கழன்றுவிடும்.